விளக்கு பளிச்... சாலை பளிச்சா?

உங்கள் ஊர்ப் பெரிய சாலையில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரி வந்து ஓரமாக நிற்கும். அதன் மேல் நீளமான ஏணி. ஏணியின் நுனியில் ஒரு தொட்டி. அதில் ஏறி நிற்கும் இருவரையும் தூக்கிக்கொண்டு ஏணி மெல்ல மேலே போகும். கம்பத்தின் உச்சியில் இருக்கும் பழைய விளக்குக் கூட்டைக் கழற்றுவார்கள். கண்ணாடி முழுக்கத் தூசி. உள்ளே செத்துப்போன ஈசல் ஒரு கைப்பிடி! அந்த இடத்தில் தட்டையான ஒரு புது விளக்கை மாட்டிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவார்கள்.

அன்று இரவு பார்த்தால், நேற்று வரை மஞ்சளாகக் கிடந்த சாலை வெள்ளை வெளேர் என்று மாறியிருக்கும்.

கடந்த பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் நாடு முழுவதும் நடந்துவரும் வேலை இது. தெருவிளக்குகளை மாற்றுவதற்கென்றே 2015 ஜனவரி 5-ஆம் தேதி மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் மட்டும் 1.3 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டுள்ளன. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் தாங்களாகவே மாற்றியவை தனி.

"பழசு போய்ப் புதுசு வந்தால் நல்லதுதானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நல்லதாக அமையவில்லை. சில ஊர்களில் மாட்டிய விளக்கையே மறுபடி கழற்ற வேண்டி வந்தது! ஏன் என்று பார்ப்போமா?

முதலில் கணக்கு நோட்டை எடுங்கள்

விளக்கை ஏன் மாற்றுகிறார்கள்? அழகுக்காக இல்லை. கரன்ட் பில்லுக்காக!

பெரிய சாலைகளில் பல ஆண்டுகளாக எரிந்தவை சோடியம் ஆவி விளக்குகள். 250 வாட் சோடியம் விளக்கு என்றால் 250 வாட்டோடு முடிந்துவிடாது. அதோடு இருக்கும் 'சோக்' தன் பங்குக்குக் கொஞ்சம் கரன்ட் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 280 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு 120 வாட்.

இரவு 12 மணி நேரம் எரிந்தால், பழைய விளக்குக்கு 3.36 யூனிட். புது விளக்குக்கு 1.44 யூனிட். ஒரு கம்பத்தில் ஒரு இரவுக்கு மிச்சம் 1.92 யூனிட். "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். 365 நாளால் பெருக்கினால் சுமார் 700 யூனிட். 100 கம்பங்கள் உள்ள சாலை என்றால் ஆண்டுக்கு 70 ஆயிரம் யூனிட்! இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீடுகள் 29-க்கு ஓர் ஆண்டு முழுக்க இது போதும். யூனிட் 8 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 5 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இது ஒரே ஒரு சாலையின் மிச்சம். ஒரு மாநகரத்தில் எத்தனை சாலைகள், எத்தனை கம்பங்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. சோடியம் விளக்கு சுமார் 24 ஆயிரம் மணி நேரம் எரியும். நல்ல எல்.இ.டி. 50 ஆயிரம் மணி நேரம் எரியும் என்கிறார்கள். இரவுக்கு 12 மணி நேரம் என்றால் முதலாவது ஐந்தரை ஆண்டு; இரண்டாவது 11 ஆண்டுக்கு மேல்.

சரி, லட்சக்கணக்கில் புது விளக்கு வாங்க நகராட்சிக்கு ஏது பணம்? தேசியத் திட்டத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மத்திய அரசு சார்ந்த நிறுவனம் ஒன்று தன் செலவில் விளக்குகளை மாட்டும். மிச்சமாகும் கரன்ட் பணத்திலிருந்து நகராட்சி ஏழு ஆண்டுகளில் தவணையாகக் கட்டும். கடையில் தவணைக்கு ஃபிரிட்ஜ் வாங்குகிற மாதிரிதான்! ஆனால், பல இடங்களில் தவணையை நேரத்துக்குக் கட்டாமல் பாக்கி வைத்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

புயல் அணைத்த விளக்குகள்

பக்கத்து மாநிலமான ஆந்திராவின் விசாகப்பட்டினம் இந்த மாற்றத்தில் முந்திக்கொண்ட நகரம். முந்த வைத்தது ஒரு புயல்!

2014 அக்டோபர் 12-ஆம் தேதி 'ஹூட்ஹூட்' புயல் அந்த நகரத்தின் மீதே கரையைக் கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. நகரமே இருளில் மூழ்கியது. தெருவிளக்குகளை எப்படியும் புதிதாகப் போட்டாக வேண்டும். 'போடுவதுதான் போடுகிறோம், பழைய மாதிரியே ஏன் போட வேண்டும்?' என்று யோசித்தார்கள். அடுத்த சில மாதங்களில் சுமார் 90 ஆயிரம் எல்.இ.டி. தெருவிளக்குகள் அங்கே வந்துவிட்டன. மின்செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதைப் பார்த்துப் பல நகரங்கள் வரிசையில் வந்தன.

உப்பிலிருந்து வந்த மஞ்சள்

விடைபெற்றுப் போகும் சோடியம் விளக்கைக் கொஞ்சம் கவனித்து அனுப்புவோம். பாவம், இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறது!

அடுப்பில் உலை பொங்கி, உப்புத் தண்ணீர் வழிந்து விழும்போது பார்த்திருக்கிறீர்களா? நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்குக் காரணம் உப்பில் இருக்கும் சோடியம். தெருவிளக்கிலும் அதே சோடியம்தான். ஒளி ஊடுருவும் பீங்கான் குழாய் ஒன்றில் அதை அடைத்து, கரன்ட் பாய்ச்சி ஆவியாக்குவார்கள். ஆவியானதும் மஞ்சள் ஒளி வீசும். ஆவியாவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதனால்தான் மாலையில் போட்ட உடனே மங்கலாக ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பிரகாசமாகும். கரன்ட் ஒரு நொடி போய் வந்தால்கூட உடனே எரியாது. சூடு கொஞ்சம் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும்.

சில கம்பங்களில் விளக்கு தானாக அணைந்து, சற்று நேரம் கழித்துத் தானாக எரிவதைப் பார்த்து, "பேய்!" என்று தம்பி தங்கைகளைப் பயமுறுத்தியவர்கள் உங்களில் யார் யார்? அது பேய் இல்லை, முதுமை. வயதான சோடியம் விளக்கு எரிய, சோக் கொடுக்கக்கூடியதைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். கிடைக்காமல் அணையும். ஆறியதும் மறுபடி எரியும். சூடேறியதும் மறுபடி அணையும்.

இந்த விளக்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதன் ஒளியில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் அதிகம். அதன் கீழே நிறங்கள் சரியாகத் தெரியாது. நீலச் சட்டை கறுப்பாகத் தெரியும். சிவப்பு கார் பழுப்பாகத் தெரியும். ஒரு வண்டி யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்ன நிற வண்டி?" என்று போலீஸார் கேட்டால், பார்த்தவர் சொல்லும் நிறம் தப்பாக இருக்கலாம். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது. என்னைக் கேட்டால், கரன்ட் மிச்சத்துக்கு அடுத்தபடியாக இதுதான் பெரிய லாபம்.

வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் நீலம்

எல்.இ.டி. எப்படி வெள்ளை ஒளி தருகிறது? இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சில்லு தருவது நீல ஒளி. அதன் மேல் மஞ்சளான ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். நீல ஒளியில் ஒரு பகுதியை அந்தப் பூச்சு மஞ்சளாக மாற்றிவிடும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். நீல எல்.இ.டி.யைச் செய்வது லேசான காரியமாக இருக்கவில்லை. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நகமுரா. 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குத்தான் கிடைத்தது.

அந்தப் பூச்சு உரிந்துபோனால் என்ன ஆகும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் சில நகரங்களில் அப்படியே நடந்தது. 2021-ஆம் ஆண்டையொட்டி, அங்கே தெருவிளக்குகள் ஊதா நிறத்தில் எரிய ஆரம்பித்தன! "ஏதாவது விழாவா? யாராவது விளையாடுகிறார்களா?" என்று மக்கள் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால் பூச்சு விட்டுப்போன கோளாறு.

பூச்சை எவ்வளவு பூசுகிறார்கள் என்பதைப் பொறுத்து வெள்ளையின் தன்மை மாறும். கொஞ்சம் மஞ்சள் கலந்த இதமான வெள்ளையும் உண்டு; நீலம் தூக்கலான சில்லென்ற வெள்ளையும் உண்டு. இதைக் 'கெல்வின்' என்ற எண்ணால் குறிப்பார்கள். கொல்லுப் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும் அல்லவா? அந்த வரிசைதான். சோடியம் விளக்கு சுமார் 2,000 கெல்வின். இதமான எல்.இ.டி. 3,000 கெல்வின். ஆரம்பத்தில் பல ஊர்களில் மாட்டியவை 4,000, 5,000, அதற்கும் மேல். எண் ஏற ஏற நீலம் ஏறும்.

மாட்டிய விளக்கைக் கழற்றிய ஊர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்று ஒரு சிறு நகரம். பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். சைக்கிள்களுக்குப் பெயர் போன ஊர். 2014-ஆம் ஆண்டு அங்கே சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று நகராட்சிக்கு ஏக சந்தோஷம்.

மக்களுக்கோ எரிச்சல்! "படுக்கையறை ஜன்னலுக்குள் வெளிச்சம் பாய்கிறது, தூங்க முடியவில்லை", "சிறைச்சாலை முற்றம் மாதிரி இருக்கிறது", "கண் கூசுகிறது" என்று புகார்கள் குவிந்தன. கடைசியில் நகராட்சி இறங்கி வந்தது. வீடுகள் உள்ள தெருக்களில் மாட்டிய நூற்றுக்கணக்கான புது விளக்குகளைக் கழற்றி, இதமான வெள்ளை ஒளி தரும் விளக்குகளை மாட்டத் தீர்மானித்தது. அதற்கான கூடுதல் செலவு சுமார் 3.5 லட்சம் டாலர்!

டேவிஸ் மக்கள் சும்மா அடம்பிடித்தார்களா? இல்லை. இரண்டே ஆண்டில், 2016 ஜூன் மாதம், அமெரிக்க மருத்துவச் சங்கம் அவர்கள் பக்கம் பேசியது. நீல ஒளி அதிகமானால் இரவில் நம் உடலின் தூக்கக் கடிகாரம் குழம்பும்; தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது; ஒளி பக்கவாட்டில் சிதறாமல் மறைப்பு வைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

உங்கள் வீட்டுத் தாத்தா, "புது லைட்டு கண்ணைக் குத்துதுடா" என்றால் சிரிக்காதீர்கள். வயதாக ஆகக் கண்ணின் வில்லை தெளிவு குறையும். நீல ஒளி அதற்குள் அதிகமாகச் சிதறும். உங்களைவிட அவருக்குத்தான் கூச்சம் அதிகம்.

சராசரி செய்யும் ஏமாற்று வேலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். விளக்கு பிரகாசமாக இருப்பதும், சாலை நன்றாகத் தெரிவதும் ஒன்றா?

ஒன்று இல்லை!

தரையில் விழும் வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அலகால் அளப்பார்கள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு மீட்டர் தள்ளி ஒரு தாளைப் பிடித்தால் அதில் விழுவது சுமார் 1 லக்ஸ். பௌர்ணமி நிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான். நம் நாட்டில் போக்குவரத்து மிகுந்த முக்கியச் சாலைக்குச் சராசரியாக 30 லக்ஸ் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி சொல்கிறது.

விதி அதோடு நின்றுவிடவில்லை. அந்தச் சாலையிலேயே மிக இருட்டான இடத்தில் உள்ள வெளிச்சம், சராசரியில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. அதாவது, 30 லக்ஸ் சாலையில் எந்த மூலையிலும் 12 லக்ஸ் இருக்க வேண்டும்.

இது எதற்கு? கணக்குப் பரீட்சையில் ஒருவன் 100 வாங்கினான், பக்கத்தில் இருப்பவன் பூஜ்யம் வாங்கினான். சராசரி 50. "வகுப்பே பாஸ்" என்று ஆசிரியர் சொல்லிவிட முடியுமா? அதே கதைதான். கம்பத்துக்கு நேர் கீழே 57 லக்ஸ், இரண்டு கம்பங்களுக்கு நடுவே 3 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 30! காகிதத்தில் பாஸ். ஆனால் பள்ளமும், மூடாத சாக்கடைக் குழியும், படுத்திருக்கும் மாடும் அந்த 3 லக்ஸ் இருட்டில் அல்லவா இருக்கும்?

சோடியம் விளக்கு தன் ஒளியை நாலா பக்கமும் வாரி இறைக்கும். கொஞ்சம் வானத்துக்கு, கொஞ்சம் எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு, மீதி சாலைக்கு. வீண்தான். ஆனால் அந்தச் சிதறலில் நடைபாதைக்கும் கொஞ்சம் கிடைத்துவந்தது. எல்.இ.டி. கறாரான பேர்வழி. எந்தப் பக்கம் காட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் ஒளி. இது நல்ல குணம். ஆனால், பழைய கம்பம், பழைய இடைவெளி, பழைய கோணம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் மாற்றினால், கம்பத்தடியில் பளிச்சென்று ஒரு வட்டம், நடுவில் கறுப்புத் திட்டு, மறுபடி வட்டம், மறுபடி திட்டு என்று சாலை வரிக்குதிரை ஆகிவிடும்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது கண் உடனே பழகிவிடுவதும் இல்லை. மதிய வெயிலிலிருந்து சினிமா தியேட்டருக்குள் போனால் இருக்கையைத் தடவித் தேடுகிறோமே, அது மாதிரி. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் உங்களுக்கோ அடுத்த கம்பம் வருவதற்குச் சில நொடிதான் இருக்கிறது.

நடைபாதைதான் இதில் அதிகம் அடிபடுகிறது. விளக்கின் கை சாலைப் பக்கம் நீட்டியிருக்கும். நடைபாதை மரங்களின் கிளைகள் விளக்குக்குக் கீழே பரவியிருக்கும். கார் போகும் தார்ச்சாலை ஜொலிக்கும். நடந்து போகிறவர், பஸ்ஸுக்காக நிற்கிறவர், பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி எல்லோரும் நிழலில்! காருக்குத்தான் சொந்தமாக முன்விளக்கு இருக்கிறதே. விளக்கே இல்லாமல் நடக்கிறவருக்கு அல்லவா தெருவிளக்கு முதலில் வேண்டும்? திட்டம் போடுகிறவர்கள் இதை ஏனோ கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

நீங்களே சோதிக்கலாம்

இரண்டு சின்னச் சோதனைகள். இரவில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் மட்டும் நில்லுங்கள். சாலையில் இறங்கக் கூடாது.

இந்த இணைப்பையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பத்தடியில் நின்று இந்த எழுத்தைப் படியுங்கள். பிறகு இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்று படியுங்கள். அங்கே தலைப்பு மட்டும் தெரிந்து எழுத்து தெரியவில்லை என்றால், உங்கள் சாலையில் சராசரி ஏமாற்றுகிறது!

அடுத்தது கூச்சச் சோதனை. சாலையைப் பார்த்தபடி நின்று, கிரிக்கெட்டில் உயரமான கேட்ச் பிடிக்கும்போது சூரியனை மறைப்போமே, அப்படிப் புருவத்தின் மேல் கையை வைத்து விளக்கை மட்டும் மறையுங்கள். மறைத்தவுடன் சாலை முன்னைவிட நன்றாகத் தெரிகிறதா? அப்படியானால் அந்த விளக்கு சாலைக்கு வெளிச்சம் போடுவதோடு, உங்கள் கண்ணுக்குள்ளும் போடுகிறது. வாட் எவ்வளவு கூட்டினாலும் இது சரியாகாது. விளக்கின் கோணத்தைத் திருத்த வேண்டும், அல்லது மறைப்பு வைக்க வேண்டும்.

வழி தவறும் குட்டி ஆமைகள்

வெளிச்சம் தேவையில்லாத இடத்தில் விழுந்தால் மனிதனுக்கு எரிச்சல். சென்னைக் கடற்கரையில் பிறக்கும் ஓர் உயிருக்கோ அது உயிர்ப் பிரச்சினை!

பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரைகளில் ஆண்டுதோறும் ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ஆங்கிலப் பெயர் ஆலிவ் ரிட்லி. ஓர் ஆமை நூறு முட்டைக்கு மேல்கூட இடும். மணலில் குழி தோண்டி, இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாளில், பெரும்பாலும் இரவில், உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள் வெளியே வரும்.

கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யார் சொல்வது? அம்மாவும் இல்லை. வெளிச்சம்தான் சொல்லும்! மனித விளக்குகள் இல்லாத கடற்கரையில், வானத்தின் ஒளியைப் பிரதிபலிக்கும் கடல் பக்கம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். செடி கொடிகள் இருக்கும் கரைப் பக்கம் இருட்டாக இருக்கும். எது வெளிச்சமோ அந்தப் பக்கம் நட என்பது குஞ்சுகளின் உடம்பில் எழுதியிருக்கும் பாடம். கடற்கரைச் சாலையில் விளக்கு ஜொலித்தால்? குஞ்சுகள் சாலையை நோக்கி நடக்கும். நாய், காகம், வண்டிச் சக்கரம், மறுநாள் வெயில்... முடிந்தது கதை.

இதனால்தான் சென்னையில் 1988-ஆம் ஆண்டிலிருந்து மாணவர்கள் தொடங்கிய ஓர் அமைப்பின் தொண்டர்கள், ஆமைக் காலத்தில் இரவில் கடற்கரையோரம் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, முட்டைகளை எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமைக் காலத்தில் கடற்கரை விளக்குகளை நள்ளிரவு நேரத்தில் அணைத்து வைக்கும்படி கேட்டுக்கொள்வதும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆமைகளை அதிகம் குழப்புவது நீலம் கலந்த வெள்ளை ஒளிதான். மஞ்சளும் ஆரஞ்சும் அவ்வளவு குழப்புவதில்லை. அப்படியானால், எல்லோரும் 'பழசு' என்று கழற்றிய மஞ்சள் விளக்கே கடற்கரைக்குத் தேவலை! அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கடற்கரைகளில் இதற்காகவே ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஒளிரும் எல்.இ.டி.களைத் தாழ்வாக, மறைப்போடு வைக்கிறார்கள். மின்சாரமும் மிச்சம், ஆமையும் மிச்சம்.

அதற்காகக் கடற்கரைச் சாலையை இருட்டிலேயே விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. அங்கே மீனவர் குடியிருப்புகள் இருக்கின்றன. விடியும் முன்பே வலையோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் வீடு திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். அது அவர்கள் காலடியில் விழட்டும். கடல் பக்கம் போக வேண்டாம். பேப்பரில் எழுதச் சுலபம். விளக்குக்கு விளக்கு நின்று கோணம் பார்த்துச் செய்வதுதான் கஷ்டம். எல்லாச் சாலைக்கும் ஒரே மாதிரி விளக்கை மொத்தமாக வாங்கி மாட்டினால் இது நடக்காது.

மாட்டிய பிறகு யார் பார்ப்பார்கள்?

சோடியம் விளக்கில் பல்பு போனால் பல்பை மட்டும் மாற்றலாம். எல்.இ.டி.யில் அப்படி இல்லை. சில்லு நன்றாக இருந்தாலும், அதற்குக் கரன்டைச் சீராக்கிக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற மின்னணுப் பெட்டி வெயிலிலோ, மழையிலோ, மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போதோ பழுதாகிவிடும். பல நேரம் கூட்டையே இறக்கி மாற்ற வேண்டும். மாற்று விளக்கு கையிருப்பில் இல்லையா? ஒப்பந்தக்காரர் வரவில்லையா? அந்தக் கம்பம் மாதக்கணக்கில் இருட்டுதான். 50 ஆயிரம் மணி நேரம் என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பது அந்தத் தெருவுக்கு உதவாது.

கழற்றிய பழைய விளக்குகள் எங்கே போகின்றன என்பதும் முக்கியம். சோடியம் விளக்குகள் பெரும்பாலானவற்றில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. பாதரசம் உள்ள விளக்குகளை மின்னணுக் கழிவாகத் தனியே சேகரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். குப்பைமேட்டில் அப்படி ஒன்று கிடந்தால் எடுத்து விளையாடாதீர்கள். கல்லால் அடித்து உடைக்கவும் வேண்டாம்.

எல்.இ.டி.க்கு ஒரு நல்ல திறமை உண்டு. சோடியம் மாதிரி சூடேறக் காத்திருக்காது. நினைத்த நேரத்தில் ஒளியைக் குறைக்கலாம், கூட்டலாம். வண்டிகளே இல்லாத பின்னிரவில் பாதி ஒளி போதும் என்று வைத்தால் இன்னும் மிச்சம். சாலையோரப் பெட்டிக்குள் கருவி வைத்து, இருட்டும் நேரத்துக்கு எரியவும் விடிந்ததும் அணையவும் செய்யலாம். அப்படி இருந்தும் காலை 10 மணிக்கு வெயிலோடு போட்டி போட்டுக்கொண்டு எரியும் விளக்குகளைப் பார்க்கிறோமே! முன்னே போட்ட மிச்சக் கணக்கைப் பகலில் எரியும் ஒவ்வொரு மணி நேரமும் தின்றுகொண்டிருக்கிறது.

பகலில் எரிந்தாலும், இரவில் எரியாவிட்டாலும் பள்ளிக்குப் போகும் வழியில் முதலில் கவனிப்பது நீங்கள்தான். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிப் புகார் கொடுக்கச் செய்யுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண் இருக்கிறது. மற்ற ஊர்களில் நகராட்சி அலுவலகத்திலோ, வார்டு கவுன்சிலரிடமோ சொல்லலாம். சொல்வதற்கு முன் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "நம்ம தெரு முனை லைட்டு" என்று சொன்னால், எந்தத் தெரு, எந்த முனை என்று ஏணி வண்டிக்காரர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?